பாட்டியின் காதும் பேத்தியின் நிறமும்



செமினி, ரிஞ்சிங், டொமினியன் என்று இந்த வட்டாரத்தில் பால்மரக் காடுகளாக இருந்த இடங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் போய்விட்டன. ஆனால் லயத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பழைய படங்கள் இன்னும் பல வீடுகளின் சுவரில் தொங்குகின்றன. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பமாக இருந்தால், அந்தப் படங்களில் காது நீண்ட ஒரு பாட்டியம்மாவைப் பார்க்கலாம். காதின் கீழ்ச்சோணை தோளைத் தொடுகிறாற்போல் தொங்கும். அதில் தண்டட்டியோ பாம்படமோ ஆடும். முன்கையில் பச்சை குத்தியிருக்கும். இன்றைய பேத்தி அதைப் பார்த்தால், "பாட்டிக்குக் காது ஏன் இப்படி ஆகிவிட்டது?" என்றுதான் கேட்பாள்.

அது தானாக ஆனதில்லை, ஆக்கப்பட்டது. பெண் குழந்தை பிறந்து சில நாட்களில் காதில் துளை போடுவார்கள். துளை ஆறியதும் அதில் பஞ்சுத் திரியை வைப்பார்கள், பிறகு ஓலைச்சுருள். ஓலை விரிய விரியத் துளையும் விரியும். அதற்குப் பின் குணுக்கு என்ற ஈய வளையத்தை மாட்டி, ஒன்று இரண்டாக, இரண்டு மூன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஈயத்தின் கனத்தில் சோணை இறங்கும். பிள்ளை அழும், புண்ணாகும், சீழ் பிடிக்கும். ஆனாலும் தாய் விடமாட்டாள். காது வளராத பெண்ணை 'மூளி' என்று ஊர் சொல்லும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். சென்னை அரும்பொருட் காட்சிசாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பழக்கவழக்கங்கள் பற்றிய நூலில் இந்தக் காது வளர்க்கும் வழக்கத்தையும் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அது விநோதமாகத் தெரிந்தது. நம் பாட்டிமாருக்கு அதுவே இலட்சணம்.

பிறகு என்ன நடந்தது? பள்ளிக்கூடம் வந்தது, பட்டணத்து நாகரிகம் வந்தது, சினிமா வந்தது. நீண்ட காது நாட்டுப்புறத்தின் அடையாளமாயிற்று. எந்தக் காதை வளர்க்க ஒரு தாய் பிள்ளையை அழவிட்டாளோ, அதே காதை அவளுடைய மகள் வளர்ந்தபின் மருத்துவரிடம் போய் அறுத்துத் தைத்துக்கொண்டாள். பாம்படத்துத் தங்கம் உருக்கப்பட்டுச் சங்கிலியாகவும் காப்பாகவும் மாறியது. இரண்டு தலைமுறைக்குள் இலட்சணமானது அவலட்சணமாகிவிட்டது. காது மட்டும் அதே காதுதான். பார்க்கும் கண்தான் மாறிப்போயிற்று.

பெண்ணின் உடம்பில் எது அழகு என்பது பற்றிய எண்ணம் இப்படித்தான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. காதோடு இது நின்றிருந்தால் நாம் இவ்வளவு பேசவேண்டியதில்லை. நிறத்துக்கு வருவோம்.

'மாநிறம்' என்ற சொல்லை இன்று எப்போது சொல்கிறோம்? பெண் கறுப்பு என்று நேரே சொல்லக் கூசும்போது, கொஞ்சம் ஆறுதலாக, "பொண்ணு மாநிறந்தான்" என்கிறோம். ஆனால் சங்க இலக்கியத்தில் 'மாமை' என்றொரு சொல் வருகிறது. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். மாமரத்தின் இளந்தளிரைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்: கருமையும் செம்மையும் கலந்து, மேலே ஒரு மினுமினுப்போடு இருக்கும். தலைவியின் அழகே அந்த மாமைதான். தலைவன் பிரிந்துபோனால் அவள் என்ன ஆகிறாள்? வெளுத்துப்போகிறாள். அந்த வெளுப்புக்குப் 'பசலை' என்று பெயர். பசலை வந்து தன் மாமையைத் தின்கிறதே என்று அவள் வருந்துகிறாள். திருவள்ளுவர் இந்தப் பசலைத் துன்பத்துக்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆக, உடம்பு வெளிறுவது அந்தத் தமிழர்களுக்கு நோயின் குறி, துயரத்தின் குறி. இன்று அதே வெளிறலுக்காக நாம் காசு கொடுத்து டப்பா வாங்குகிறோம்.

பழைய இலக்கியம் முழுவதிலும் கருமைக்குத்தான் புகழ் என்று நாம் சொல்ல வரவில்லை. பொன்னிறத்தைப் புகழ்ந்த புலவர்களும் உண்டு. ஆனால் கருமை ஒரு குறையாக இருக்கவில்லை. பாரதக் கதையில் ஐந்து வீரர்களின் மனைவியும் பேரழகியுமான பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்றும் பெயர். கறுத்தவள் என்று அதற்குப் பொருள். மதுரை மீனாட்சியைப் பச்சை மேனியாள் என்று வணங்குகிறோம். கோயில் தேவியர் கறுப்பாக இருந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். வீட்டுப் பெண் கறுப்பாக இருந்தால் மட்டும் கவலைப்படுகிறோம்.

இந்தக் கவலை எங்கிருந்து வந்தது? வேர் ஆழமானது. வயலில் வெயிலில் நின்று உழைத்தவர் கறுத்தார். நிழலில் இருந்து வேலை வாங்கியவர் வெளுப்பாக இருந்தார். சாதியின் ஏற்றத்தாழ்வும் இதோடு சேர்ந்துகொண்டது. பிறகு வெள்ளைக்காரர் ஆட்சி வந்தது. தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரை வெள்ளை. துரைசாணி வெள்ளை. ஆபீசில் விசிறிக்குக் கீழே கிராணி. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெளிக்காட்டில் புல் வெட்டி, உச்சி வெயிலில் திரும்பி வருகிறவர்கள் நம் தாய்மார்கள். நிறத்தைப் பார்த்தே ஒருவர் தோட்டத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். அப்படி இருக்கையில், "என் மகளாவது சிவப்பாக இருக்கட்டும்" என்று ஒரு தாய் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. அவள் வேண்டியது நிறத்தை மட்டுமா? நிழலையுந்தான்.

சுவரில் மாட்டிய படங்களும் இதில் சேர்ந்துகொண்டன. இரவிவர்மாவின் அச்சுக்கூடம் 1894-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. அங்கே அச்சான சரசுவதியும் இலக்குமியும் செக்கச் சிவந்த மேனியோடு வீடு வீடாகப் போனார்கள். அந்த வழியில் வந்த நாட்காட்டிப் படங்கள் கடல் கடந்து வந்த தமிழர்களின் சுவர்களிலும் ஏறின. தெய்வமே அப்படி இருக்கிறதென்றால், பெண் வேறு எப்படி இருக்கவேண்டும்?

இனித் தோளைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்ணின் தோளைப் பழைய புலவர்கள் மூங்கிலுக்கு ஒப்பிட்டார்கள். 'பணைத்தோள்' என்றால் பருத்த தோள். இன்றைய பெண்கள் கை பருத்திருந்தால் நீளக்கை சட்டை போட்டு மறைக்கிறார்கள். நம் பாட்டிமாரின் தோள் எப்படிப்பட்டது? நாளொன்றுக்கு 400, 500 மரம் சீவி, மங்கிலிருந்து பாலை எடுத்து வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டு, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி ஸ்டோருக்குச் சுமந்துபோன தோள் அது. புலவர்கள் அந்தத் தோளைப் பார்த்திருந்தால் மூங்கிலை மறந்திருப்பார்கள். ஆனால் தோட்ட நிர்வாகம் அந்தத் தோளுக்கு என்ன விலை போட்டது? 1920களின் கடைசியில், மலாயாவின் முக்கியமான தோட்ட வட்டாரங்களில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது.

இடையைப் பற்றிப் புலவர்கள் சொன்னதை நாம் அவ்வளவாக நம்பவேண்டாம். இல்லை என்று சொல்லத்தக்க இடை, கொடி போன்ற இடை, மின்னல் போன்ற இடை என்றெல்லாம் பாடியவர்களில் ஒருவராவது நூல் பிடித்து அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் உமையம்மையின் இடை சிறுத்து, இடுப்பு அகன்று, உடல் வளைந்து நிற்கும் அழகு உலகமே வியப்பது. ஆனால் அந்தச் சிற்பிகள் தெருவில் போகிற ஒரு பெண்ணைப் பார்த்து வார்த்ததில்லை. 'தாலம்' என்ற அளவுமுறையை வைத்துக்கொண்டு தெய்வத்துக்கென்று வகுத்த உடம்பை வார்த்தார்கள். அந்த அளவை மனிதப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அழகுக்காக உடம்பை வருத்துவது நம்மவரிடம் மட்டும் இருந்த வழக்கமென்று எண்ணிவிடக்கூடாது. சீனத்தில் பல நூறாண்டுகளாகச் சிறுமிகளின் கால்விரல்களை உள்ளங்காலுக்கு மடித்து, எலும்பு முறிய முறியத் துணியால் கட்டினார்கள். மூன்று அங்குலப் பாதம் 'பொற்றாமரை' என்று போற்றப்பட்டது. 1912-இல் சீனக் குடியரசு அதைத் தடைசெய்தது. இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஹக்கா சீனப் பெண்கள் பொதுவாகக் கால் கட்டிக்கொள்வதில்லை. வயலிலும் மலையிலும் உழைக்கிற பெண்ணுக்குக் கட்டின கால் உதவுமா? மலாயாவின் ஈய வயல்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் மண் கழுவி ஈயம் எடுத்தவர்களில் இந்த ஹக்கா பெண்கள் நிறையப் பேர். வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்க வசதி உள்ள பெண்ணின் உடம்புதான் அங்கே அழகு என்று பெயர் வாங்கியது. ஐரோப்பாவில் சீமாட்டிகள் மூச்சுவிட முடியாதபடி இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவின் மொரித்தானியா நாட்டிலோ இதற்கு நேர்மாறு: பெண் பருமனாக இருந்தால்தான் அழகு என்று, சிறுமிகளுக்குக் கட்டாயப்படுத்திப் பாலைப் புகட்டிக் கொழுக்கவைக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. பஞ்சம் அடிக்கடி வருகிற பாலைநிலத்தில் கொழுத்த உடம்பு செல்வத்தின் அறிகுறி.

இந்தக் கணக்கு நமக்கும் புரியாததில்லை. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசியில்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறை நம்முடையது. பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. எலும்பும் தோலுமாக மனிதர்களைப் பார்த்த ஒரு தாய், சண்டை முடிந்த பிறகு தன் மகளுக்குக் கொஞ்சம் சதை பிடித்தால் அதை அழகு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்? "பூசினாற்போல இருக்கிறாள்" என்பது அந்தக் காலத்தில் பெரிய பாராட்டு. "உடம்பு இறங்கிப்போச்சே" என்பது இரக்கம்.

திரைப்படமும் அப்படியே நடந்தது. 1944-இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில் ரசிகர்களை மயக்கிய டி. ஆர். ராஜகுமாரி மெலிந்த உடல்காரரல்லர். 'மாயாபஜார்' சாவித்திரியும் அல்லர். 1991-இல் 'சின்னத்தம்பி' வந்த பிறகு மெத்தென்ற பெரிய இட்லிக்குக் குஷ்புவின் பெயரையே வைத்துவிட்டார்கள். திருச்சியில் அவருக்கு ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். அதே பத்தாண்டு முடிவதற்குள் சிம்ரனின் மெல்லிடைதான் பேச்சாகிவிட்டது. பத்தே ஆண்டு! அரிசி மலிவாகி, சீனி மலிவாகி, யாரும் எளிதில் பருமனாகலாம் என்ற நிலை வந்ததும், மெலிவு கிடைத்தற்கரிய பொருளாயிற்று. கிடைத்தற்கரியதற்குத்தானே எப்போதும் விலை அதிகம்?

தாய்மார்களே, இதுவரை பழங்கதை. இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முகத்துக்குப் பவுடரும் மஞ்சளும் பூசியவர்கள் நாம். மலாய்க்காரப் பெண்கள் அரிசியை ஊறவைத்துச் செய்யும் பெடாக் செஜூக்கையும் பூசிப் பார்த்தோம். இவை பெரிய தீங்கு செய்வதில்லை. 1975-இல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகுக் களிம்பு விற்பனைக்கு வந்தது. பல நாடுகளுக்கும் போயிற்று. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2020-இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பெயர் மாறியது, ஆசை மாறவில்லை. இன்று கவலை தருவது பசார் மாலாமிலும் கைத்தொலைபேசி வழியாகவும் விற்கிற, யார் செய்தது என்று தெரியாத களிம்புகள். "ஏழு நாளில் வெள்ளை" என்கிறார்கள். ஏழு நாளில் வெளுப்பதும் உண்டு. எப்படி? அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது.

நம் தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உச்சி வெயில் அடிக்கும் நாட்டில் வாழ்கிற நமக்கு அது இயற்கை பிடித்த குடை. வெயிலின் கடுமை தோலுக்குள் இறங்காமல் தடுக்கிறது. பாதரசம் இந்த நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. அதனால் தோல் வெளுக்கிறது. பூசுவதை நிறுத்தினால் நிறம் திரும்பி வரும். எனவே மறுபடி பூசுவார்கள். பூசிய பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். கருவில் இருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. பூசியவரின் துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, அது ஆவியாகி, பூசாத பிள்ளைகளின் மூச்சிலும் கலக்கிறது. பாதரசக் கட்டுப்பாட்டுக்கான மினமாத்தா உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தானது. அழகுப் பொருள்களில் பாதரசம் அறவே கூடாது, 2025-க்குள் அதை ஒழிக்கவேண்டும் என்று அந்த நாடுகள் 2023-இல் முடிவுசெய்தன. ஆனாலும் திருட்டுத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு குறிப்பு உண்டு. சில டப்பாக்களில், "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கும். ஏன் தெரியுமா? பாதரசம் தங்கத்தோடு சேர்ந்துகொண்டு அதை வெள்ளையாக்கிவிடும். தாலிக்கொடியில் படக்கூடாதென்று சொல்கிற பொருளைத் தாலி கிடக்கிற கழுத்திலும் அதற்கு மேலே முகத்திலும் பூசலாமா? 'கலோமல்', 'மெர்குரி' என்ற பெயர்கள் இருந்தாலும் வாங்கக்கூடாது. ஒன்றுமே எழுதாத டப்பா அதைவிட மோசம். வேறு சில களிம்புகளில் மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாத ஸ்டீராய்டு மருந்தும் ஹைட்ரோகுவினோனும் இருக்கின்றன. முதலில் பளபளப்பாகத் தெரியும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். நம் சுகாதார அமைச்சைச் சேர்ந்த தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், இத்தகைய நச்சுப்பொருள் கலந்து பிடிபட்ட களிம்புகளின் பெயர்களை அவ்வப்போது அறிவிக்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளையைவிட்டு அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் களிம்பின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். மெலியவைக்கும் காப்பி என்று பொட்டலத்தில் வருவதையும் அப்படியே தேடச் சொல்லுங்கள். இதயத்துக்குக் கேடு என்று 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து இத்தகைய பொருள்களில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது.

வெளுத்த முகம் எப்போதும் அழகின் குறியில்லை என்று சங்கத் தமிழர் கண்டதைச் சொன்னோம். இன்றைய மருத்துவரும் வெளிறலை ஐயத்தோடுதான் பார்ப்பார். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தச் சோகை. மெலியவேண்டும் என்று காலைப் பசியாறலை விட்டுவிடுகிற பெண், மாதவிலக்கில் போகிற இரும்புச் சத்தை எங்கிருந்து ஈடுகட்டுவாள்? உங்கள் மகள் "சிவந்துவிட்டாள்" என்று மகிழ்வதற்கு முன், அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால், படியேறும்போது மூச்சு வாங்கினால், இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அப்படியானால் எந்த உடம்பும் சரிதானா, பருமனைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று கேட்பீர்கள். இல்லை. 2019-ஆம் ஆண்டின் அதே ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள் என்றும், இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி என்றும் காட்டியது. காரணம் நமக்குத் தெரிந்ததே. 500 மரம் சுற்றி வந்தவர்களுக்குப் போதுமான சோற்றை, தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்கிறவர்களும் சாப்பிடுகிறோம். வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. மேலும் நம் இனத்தவருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிற இயல்பு அதிகம். கை கால் மெலிந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தால், பார்க்க ஒல்லியாகத் தெரிந்தாலும் சர்க்கரை நோய் வரலாம். அதனால்தான் நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். இந்த அளவு பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வகுத்ததில்லை, இரத்தத்தில் சேரும் சர்க்கரைக்காக வகுத்தது.

நாடாவோ தராசோ இல்லாதவர்கள் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நேராக நின்று, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு நூலை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வயிற்றைச் சுற்றி அந்த மடித்த நூலைப் பிடியுங்கள். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால் பயப்படவேண்டாம், ஆனால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த நூல் கணக்கு பொருந்தாது. கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி.